சவாரியில் குதிரை நாக்கை வாய்க்கம்பிக்கு மேலே போட்டால்: காரணம் கண்டு திருத்த முழுமையான வழிகாட்டி

நல்ல நடையில் போய்க்கொண்டிருக்கும் குதிரை திடீரென்று வாயைப் பிளக்கும், தலையை மேலே உதறும், லகானை இழுத்தால் இன்னும் வேகம் எடுக்கும் அல்லது பின்காலில் எழும்பும். இறங்கி உதட்டை விலக்கிப் பார்த்தால், கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய நாக்கு அதற்கு மேலே கிடக்கும். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. வண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்து சவாரிக்கு வந்த குதிரைகளிடமும், கல்யாண ஊர்வலத்துக்குத் தலையைத் தூக்கி ஆடப் பழக்கிய குதிரைகளிடமும் இதை அதிகம் பார்க்கலாம்.

நம் பக்கம் இதற்கு உடனே கிடைக்கும் வைத்தியம் மூன்று. நாக்கைத் துணியால் கட்டுவது, மூக்குப்பட்டையை இறுக்கி வாயைத் திறக்கவிடாமல் செய்வது, இன்னும் கடுமையான கடிவாளம் வாங்குவது. மூன்றுமே தவறு. நாக்கு மேலே போவது திமிரால் அல்ல. கம்பி தரும் அழுத்தத்திலிருந்து நாக்கு தப்பிக்கப் பார்க்கிறது. அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் வேலை. பல், புண், கம்பியின் அளவு, கம்பி தொங்கும் உயரம், ஓட்டுபவரின் கை, சேணம் என்று வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் சிக்கிவிடும்.

பேச வசதியாக, இங்கே வாய்க்குள் போகும் உலோகத்தை வாய்க்கம்பி என்றும், அதைக் கன்னத்தின் இருபுறமும் தூக்கிப் பிடிக்கும் வாரைக் கன்னப்பட்டை என்றும், மூக்கைச் சுற்றி வருவதை மூக்குப்பட்டை என்றும் குறிப்பிடுகிறோம். லகான் கையில் பிடிப்பது.

வாய்க்குள் என்ன நடக்கிறது

குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. ஆண் குதிரைக்கு அந்த இடைவெளியின் முன்பகுதியில் கோரைப்பல் இருக்கும். வாய்க்கம்பி உட்காரும் இடம் அந்தப் பல்லில்லாத இடைவெளிதான். அந்த இடத்தில் கீழ்த்தாடை எலும்பின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினால் கத்தியின் முதுகைத் தொடுவது போலிருக்கும். மேலே இருப்பது மெல்லிய ஈறு மட்டும்தான், சதை கிடையாது. கம்பிக்கும் அந்த எலும்புக்கும் இடையே மெத்தையாகக் கிடப்பது நாக்கு.

வாய் மூடியிருக்கும்போது நாக்கு உள்ளே இருக்கும் இடத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அடைத்துக்கொள்ளும். கம்பிக்கென்று காலி இடம் எதுவும் கிடையாது. அது நாக்கை அமுக்கித்தான் இடம் பிடிக்கிறது. எச்சிலை விழுங்கவும் நாக்கு எழும்பி மேலண்ணத்தைத் தொட வேண்டும். லகான் விடாமல் இறுகியிருந்தால் அதற்கு வழியில்லை. அப்போது குதிரை நாக்கைத் தொண்டைப் பக்கம் சுருட்டி இழுத்துக்கொள்ளும், அல்லது பக்கவாட்டில் தொங்கவிடும், அல்லது பின்னால் இழுத்துக் கம்பிக்கு மேலே தூக்கிப் போடும்.

மேலே போட்டதும் மெத்தை போய்விடுகிறது. கம்பி நேராக எலும்பின் மேல் இறங்குகிறது. முன்பைவிட வலி அதிகம். ஆனால் நாக்கைத் திரும்பக் கீழே கொண்டுவரக் குதிரைக்குத் தெரிவதில்லை. மிரண்டு ஓடுவதும் எழும்புவதும் இந்தக் கட்டத்தில்தான். தொடர்ந்து இப்படி நடந்தால் ஈறு கிழியும், எலும்பின் மேலுறை வீங்கும், நாளடைவில் அங்கே முள் மாதிரி எலும்பு வளரும்.

இன்னொன்றும் உண்டு. நாக்கு வேர்விடும் நாவடி எலும்பிலிருந்து தசைகள் கழுத்தின் அடிப்பக்கமாக இறங்கி மார்பெலும்புக்கும் தோள்பட்டைக்கும் போகின்றன. நாக்கு இறுகினால் கழுத்து இறுகும், முன்கால் எட்டிவைக்கும் தூரம் குறையும். தோள்பட்டையில் சேணம் அழுத்தினால் அதன் விளைவு நாக்கில் தெரிவதும் உண்டு.

முதலில் ஒரு எச்சரிக்கை

கடிவாளம் போடாத நேரத்திலும் நாக்கு தளர்ந்து தொங்குகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, தண்ணீர் குடிக்க முடியவில்லையா, தாடை இறுகித் திறக்க மறுக்கிறதா? அப்படியானால் இது கடிவாளத் தொல்லையே அல்ல. வெறிநோய், டெட்டனஸ், தொண்டையில் தீவனம் அடைப்பது, நரம்புப் பாதிப்பு எதுவாகவும் இருக்கலாம். வெறிநாய்கள் திரியும் ஊரில் குதிரைக்கும் வெறிநோய் வரும். வெறுங்கையை வாய்க்குள் விடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கால்நடை மருத்துவரை உடனே வரவழையுங்கள்.

நடு வழியில் நாக்கு மேலே போய்விட்டால்

லகானை இழுக்காதீர்கள். இதைத்தான் முதலில் கைக்குப் பழக்க வேண்டும். இரண்டு கையையும் கழுத்தின் பக்கம் கொண்டுபோய் லகானைத் தளர்த்துங்கள். உடம்பை நிமிர்த்திக் குரலால் நிறுத்துங்கள். ஓடுகிற குதிரையானால் ஒரு பக்கக் கையை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் விலக்கிப் பெரிய வட்டமாகத் திருப்பினால் வேகம் குறையும். கண்மாய்க் கரை மேல் இதைச் செய்ய இடம் போதாது. எனவே இந்தப் பழக்கம் உள்ள குதிரையைத் திருத்தி முடிக்கும்வரை கரைமேலும் தார்ச்சாலையிலும் ஓட்டவே வேண்டாம். சுற்றுச்சுவரோ வேலியோ உள்ள பொட்டலில் ஓட்டுங்கள்.

நின்றதும் இறங்குங்கள். கழுத்தில் ஒரு கயிறு போட்டுக்கொண்டு, ஒரு பக்கக் கன்னப்பட்டையின் பக்கிளை அவிழ்த்துக் கம்பியை வாயிலிருந்து முழுவதும் இறங்கவிடுங்கள். நாக்கு தானாக இடத்துக்கு வரும். நாக்கைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யப் போகாதீர்கள். பயந்த குதிரை தலையைப் பின்னால் வெட்டினால் நாவடி எலும்பு வரை காயமாகும். ரத்தம் இருக்கிறதா, நாக்கு நீலம் பாரித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கம்பியை நாக்கின் மேல் சரியாக வைத்து மாட்டி, நடத்தியே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அன்றைய சவாரி அத்துடன் முடிந்தது.

நாக்கில் ஆழமான வெட்டு இருந்தால் சில மணி நேரத்துக்குள் தையல் போட்டால்தான் நன்றாகக் கூடும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 1: எப்போது போடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒருவரை நிறுத்தி, போனில் பக்கவாட்டிலிருந்து குதிரையின் தலை தெரியும்படி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது, நடையில், டிராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்), கேண்டரில் (மிதமான பாய்ச்சல்), இரண்டு பக்கமும் திரும்பும்போது என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் நாக்கு எந்த நொடியில் போகிறது என்று தெரிந்துவிடும்.

மாட்டிய உடனே நிற்கும்போதே போடுகிறதென்றால் வாயில் வலி அல்லது கம்பி பொருந்தவில்லை. லகானைக் கையில் எடுத்ததும் போடுகிறதென்றால் கை அல்லது கம்பியின் வடிவம். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் என்றால் அந்தப் பக்கத்துப் பல்லைச் சந்தேகப்படுங்கள். ஏறி உட்கார்ந்ததும் என்றால் சேணத்தையும் முதுகையும் பாருங்கள். நிறுத்தும்போது மட்டும் என்றால், நிறுத்த நீங்கள் வெடுக்கென்று இழுப்பதாக இருக்கலாம்.

படி 2: வாயைச் சோதியுங்கள்

பகல் வெளிச்சத்தில், தலையில் மாட்டும் டார்ச்சோடு, குதிரைக்குத் தெரிந்த ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்திருக்கும்போது செய்யுங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

குதிரையின் இடப்பக்கம் நின்று, உதட்டு ஓரத்தில் கட்டைவிரலைப் பல்லில்லாத இடைவெளிக்குள் விட்டால் வாயைத் திறக்கும். கடைவாய்ப் பற்கள் இருக்கும் இடம்வரை விரலைக் கொண்டுபோகாதீர்கள். அவை அரைத்தால் விரல் போய்விடும். கீழ்த்தாடை விளிம்பை இரண்டு பக்கமும் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் மேடாகவும் இருந்தால், அல்லது தொட்டதும் தலையை இழுத்தால், அங்கே அடிபட்டிருக்கிறது. நாக்கின் மேல்புறத்தில் குறுக்குக் கோடாகத் தழும்பு இருக்கிறதா? பழைய கம்பிக் காயமாக இருக்கும். உதட்டு ஓரங்களில் வெள்ளை முடியோ காய்ப்போ உண்டா? கன்னத்தின் உட்புறத்தில் பல் குத்திய புண் உண்டா?

நாக்கின் அடிப்பக்கத்தைப் பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் வட்டாரத்தில் அங்கேதான் முக்கியமான காரணம் ஒளிந்திருக்கும். பொட்டலில் மேயும் குதிரைக்குக் கோடையில் கிடைப்பது ஊசிப்புல்லும் சீமைக்கருவேலக் காயும்தான். ஊசிப்புல்லின் கூர் முனை நாக்கின் அடியிலும் ஈறிலும் ஏறி உள்ளே தங்கிவிடும். கருவேல முள்ளும் அப்படியே. மேலே சின்னப் புள்ளியாகத் தெரியும், அடியில் சீழ் கட்டியிருக்கும். தீவனம் தின்னும்போது அதிகம் தெரியாது. கம்பி நாக்கை அமுக்கியதும் வலி சுரீரென்று ஏறும். மாசி முதல் ஆடி வரை மேய்ச்சலில் விடுபவர்கள் வாரம் ஒருமுறை நாக்கின் அடியைப் பார்ப்பது நல்லது.

வாய் நாற்றம், பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்புவது, சாணத்தில் முழுசாகக் கொள்ளோ புல் துண்டோ வருவது, ஒரு பக்கமாகவே மெல்வது ஆகியவை பல் கோளாறின் அடையாளங்கள்.

படி 3: பல்லை மருத்துவரிடம் காட்டுங்கள்

இதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கடிவாளம் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் வீண் செலவு.

குதிரையின் பல் வாழ்நாள் முழுக்க மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பும், கீழ்ப் பற்களின் உள் விளிம்பும் தேயாமல் கூராகும். மேல் கூர் கன்னத்தைக் குத்தும், கீழ்க் கூர் நாக்கைக் கிழிக்கும். அரம் போன்ற கருவியால் அதை ராவிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, 5 வயதுக்குக் கீழே என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், பெரும்பாலும் மேல்தாடையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னப் பல் சில குதிரைகளுக்கு இருக்கும். ஓநாய்ப்பல் என்பார்கள். 6 முதல் 12 மாத வயதில் முளைக்கும். கம்பி அதில் இடித்தால் குதிரை நாக்கையும் தலையையும் உதறும். பிடுங்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

வயதையும் கணக்கில் எடுங்கள். முன் கடைவாய்ப் பால்பற்கள் சுமார் 2½ வயதிலும், அடுத்தவை 3 வயதிலும், அதற்கடுத்தவை 4 வயதை ஒட்டியும் விழும். ஆண் குதிரைக்குக் கோரைப்பல் 4 முதல் 5 வயதில் முளைக்கும். நாம் கடிவாளம் பழக்கத் தொடங்குவதும் இதே வயதில்தான். ஈறு வீங்கியிருக்கும் வாரங்களில் கம்பியைத் திணித்தால், நாக்கை மேலே போடும் பழக்கத்தை நாமே கற்றுக்கொடுத்ததாகும். அந்த வாரங்களில் கம்பி இல்லாமல் தலைக்கயிற்றிலேயே பழக்கலாம்.

காரைக்குடி, தேவகோட்டை அரசு கால்நடை மருத்துவமனைகளில் முதலில் காட்டுங்கள். மயக்க ஊசி, வாய் திறப்பான், பல் அரம் எல்லாம் தேவைப்படும் வேலையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம். மயக்க ஊசி போடாமல் நாலு பேர் பிடித்துக்கொள்ள, வெளியாளை வைத்துப் பல் ராவச் சொல்லாதீர்கள்.

வாயில் புண் இருந்தால் கம்பிக்கு ஓய்வு கொடுங்கள். மேலோட்டமான புண் இரண்டு வாரத்தில் ஆறும். மூன்று வாரம் விடுவது பத்திரம். எலும்பில் அடி என்றால் மாதக்கணக்காகும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன், கலந்து தீவனத்துக்குப் பின் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் வாயைக் கழுவிவிடுங்கள். மஞ்சள், வேப்பெண்ணெய் பூசுவதால் பயனில்லை. நக்கி விழுங்கிவிடும். கசப்பு நினைவில் தங்கி, அடுத்த முறை வாயைத் தொடவே விடாது.

படி 4: வாய்க்கம்பியின் அளவு

வாயின் அகலத்தை அளக்க ஒரு மெல்லிய மூங்கில் குச்சி போதும். கம்பி இருக்கும் இடத்தில் குறுக்கே வைத்து, உதட்டின் வெளி ஓரம் முடியும் இரண்டு இடத்திலும் பேனாவால் குறியுங்கள். குறிகளுக்கு இடையே உள்ள தூரம்தான் வாயகலம். மார்வாரி, காத்தியாவாரிக் குதிரைகளுக்குப் பெரும்பாலும் 4½ முதல் 5 அங்குலத்துக்குள் வரும், மட்டக்குதிரைக்கு இதைவிடக் குறையும். லகான் மாட்டும் முனை வளையம் சுழலும் கம்பியானால் மொத்தத்தில் 5 முதல் 10 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். ஆடாத வளையம் என்றால் 5 மில்லிமீட்டர் போதும்.

அகலம் கூடிப்போவதும் நாக்கு மேலே போக அடிக்கடி காணும் காரணம். 5½ அங்குலக் கம்பியை 4¾ அங்குல வாயில் மாட்டினால், நடுவில் உள்ள இணைப்பு கீழே தொங்கும். நாக்கு நுனியை இழுத்து மேலே போட நல்ல வாசல் கிடைத்துவிடும். கடைகளில் பெரும்பாலும் பெரிய குதிரைக்கான ஒரே அளவுதான் கிடைக்கிறது. ‘எல்லாத்துக்கும் இது சேரும்ணே’ என்று கடைக்காரர் சொன்னாலும் குச்சி அளவைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

கனத்தை வளையத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி அளக்க வேண்டும். கனமான கம்பி மென்மையானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய வாய்க்கு அது சரி. சதைப்பற்றுள்ள நாக்கும் தாழ்ந்த மேலண்ணமும் உள்ள சின்ன வாய்க்கு 18 மில்லிமீட்டர் கம்பி மூச்சு முட்ட வைக்கும். பல்லில்லாத இடைவெளியில் இரண்டு விரலை ஒன்றன்மேல் ஒன்றாகப் பக்கவாட்டில் விட்டு, வாய் மூடியதும் விரல் எவ்வளவு நசுங்குகிறது என்று பாருங்கள். நன்றாக நசுங்கினால் 14 மில்லிமீட்டர் போதும். தாராளமாக இருந்தால் 16 வரை போகலாம். 14-க்குக் கீழே போனால் நாக்கை அறுக்கத் தொடங்கும்.

படி 5: கம்பியின் வடிவம்

நடுவில் ஒரே இணைப்புள்ள கம்பி லகானை இழுத்ததும் மடங்கி நாக்கை இருபுறமும் நெரிக்கிறது. நம்மிடம் புழங்குவது பெரும்பாலும் இதுதான். நாக்கை மேலே போடும் குதிரைக்கு முதலில் மாற்ற வேண்டியதும் இதையே. இரண்டு இணைப்பும் நடுவில் கொட்டை வடிவத் துண்டும் உள்ள கம்பி நாக்கின் மேல் படிந்து உட்காரும். நெரிசலே பிடிக்காத குதிரைக்கு, இணைப்பே இல்லாமல் மேல்நோக்கி லேசாக வளைந்த கம்பி நல்லது. அந்த வளைவு நாக்குக்கு இடம் விடும். வளைவு உயரமாகி அண்ணத்தைத் தொடும் அளவுக்குப் போகக் கூடாது.

வளையம் ஆடாததாக இருந்தால் கம்பி வாயில் அமைதியாக நிற்கும். கம்பி ஆட ஆட நாக்கும் அதோடு விளையாடும்.

கம்பியின் மேல் மாட்டும் ரப்பர் நாக்குத்தட்டு கிடைக்கிறது. பின்பக்கமாக நாக்கின் மேல் படுத்துக்கொண்டு, நாக்கு மேலே ஏறும் வழியை அடைக்கும். வலி தீர்ந்த பிறகும் பழக்கம் மட்டும் விடாத குதிரைக்குச் சில வாரம் உதவியாக இருக்கும். வலி இருக்கும்போது மாட்டினால் குதிரைக்குத் தப்பிக்க வழியே இல்லாமல் போகும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய இரும்புக் கடிவாளங்களைப் பார்க்கலாம். சுவரில் மாட்ட அழகானவை. குதிரை வாயில் மாட்ட வாங்காதீர்கள். துருவில் குழி விழுந்த இரும்பு நாக்கைச் சுரண்டும், தேய்ந்த இணைப்பு உதட்டைக் கவ்வி இழுக்கும். புதிதாக வாங்கும்போதும் முலாம் பூசியதைத் தவிர்த்துத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். முலாம் உரிந்தால் விளிம்பு கத்தியாகிவிடும்.

முள் கடிவாளம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முள், குமிழ், கூர்முனை உள்ள கம்பியைப் பயன்படுத்துவதை 1965-ஆம் ஆண்டின் இழுவை மற்றும் சுமை விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்பு விதிகளில் 8-ஆவது விதி தடை செய்கிறது. சவாரிக்கும் வண்டிக்கும் இது பொருந்தும். சட்டத்தை விடுங்கள், முள் கடிவாளம் பழகிய வாய்தான் நாக்கை மேலே போடும் வாய்.

படி 6: தொங்கும் உயரம்

இணைப்புள்ள கம்பிக்கு உதட்டு ஓரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு மடிப்பு விழ வேண்டும். இணைப்பில்லாத கம்பி ஓரத்தைத் தொட்டு லேசாக ஒரு மடிப்பு விழுந்தால் போதும். கீழே தொங்கினால் நாக்கு ஏறிவிடும். அதற்குப் பயந்து மூன்று, நான்கு மடிப்பு விழும்வரை தூக்கினால் உதடு எப்போதும் இழுபட்டு, வலியில் மறுபடியும் நாக்கைத்தான் தூக்கும். கம்பி கோரைப்பல்லையும் தொடக் கூடாது, கடைவாய்ப் பல்லிலும் இடிக்கக் கூடாது. தடித்த உதடுள்ள குதிரைக்கு மடிப்புக் கணக்கு ஏமாற்றும். உதட்டை விலக்கிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு கன்னப்பட்டையும் ஒரே துளையில் இருக்க வேண்டும். துளைகளின் இடைவெளி அதிகமென்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நடுவில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். திருத்தும் காலத்தில் வழக்கத்தைவிட ஒரு துளை மேலே மாட்டலாம். நாக்கு அடங்கியதும் இறக்கிவிட வேண்டும்.

படி 7: மூக்குப்பட்டையும் நாக்குக் கட்டும்

மூக்குப்பட்டைக்கும் மூக்கின் மேல் எலும்புக்கும் நடுவே பெரியவர்களின் இரண்டு விரல், அதாவது 1.5 சென்டிமீட்டர், தாராளமாகப் போக வேண்டும். பக்கவாட்டில் விரல் விட்டுப் பார்ப்பது கணக்கில் வராது, அங்கே எப்போதும் இடம் இருக்கும். பட்டையை இறுக்கினால் வாய் திறப்பது வெளியே தெரியாது, அவ்வளவுதான். நாக்கு உள்ளே மாட்டிக்கொண்டே இருக்கும்.

நாக்கைத் துணியால் தாடையோடு கட்டுவது ரத்த ஓட்டத்தை அடைக்கும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் இதை அனுமதிப்பதில்லை. ஜெர்மனி 2018-இல் ஓட்டப் பந்தயக் குதிரைகளுக்கும் தடை செய்துவிட்டது. பந்தயங்களில் இதைக் கட்டுவதன் நோக்கம் பெரும்பாலும் மூச்சுக்குழல் அடைக்காமல் பார்ப்பது. சவாரிக் குதிரையின் வாய்வலிக்கு அது மருந்தல்ல.

படி 8: மறுபடி பழக்குதல்

வாய் ஆறி, பல் சரியாகி, பொருந்தும் கம்பியும் கிடைத்த பிறகுதான் இது. அவசரப்பட்டால் முதல் வாரத்திலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நான்கு வாரம் ஒதுக்குங்கள். பழைய பழக்கம் என்றால் இன்னும் கூடும்.

முதல் வாரம் லாயத்துக்குள் மட்டும். தண்ணீர் காட்டிவிட்டு, கம்பியில் லேசாக வெல்லத்தைத் தேய்த்து, லகான் இல்லாமல் மாட்டுங்கள். காய்ந்த வாயில் கம்பி உராயும். வெயிலில் கிடந்த கம்பியை அப்படியே வைக்கவும் கூடாது, கையில் சுடுவது நாக்கிலும் சுடும். மாட்டும்போது உதட்டு ஓரத்தில் கட்டைவிரலை விட்டு வாயைத் திறந்து, கம்பி நாக்கின் மேல் படுகிறதா என்று கண்ணால் பார்த்தே தலைப்பட்டையை ஏற்றுங்கள். 5 நிமிடம் போதும். பசும்புல் ஒரு கைப்பிடி கொடுத்தால் மென்று விழுங்கும், மேயும் வாயில் நாக்கு கீழேதான் இருக்கும். நாக்கு அமைதியாக இருக்கும்போதே கழற்றுங்கள். மேலே போட்டபின் கழற்றினால், மேலே போட்டால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். போட்டுவிட்டால் கம்பியைச் சரிசெய்து ஒரு நிமிடம் நிற்கவிட்டுக் கழற்றுங்கள். நாளாக ஆக 15 நிமிடம் வரை கூட்டலாம்.

இரண்டாம் வாரம் கம்பி வாயில் இருக்க, தலைக்கயிற்றைப் பிடித்து வெளியே நடத்துங்கள். நீண்ட கயிற்றில் வட்டம் விடுவதானால் கயிறு தலைக்கயிற்றில் கட்டியிருக்க வேண்டும், கம்பி வளையத்தில் கட்டக் கூடாது. விடிந்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். மூச்சு வாங்கும் குதிரை எளிதில் நாக்கைப் பின்னால் இழுக்கும்.

மூன்றாம் வாரம் ஏறலாம். தலைக்கயிற்றில் ஒரு ஜோடி லகான், வாய்க்கம்பியில் ஒரு ஜோடி. ஓட்டுவது தலைக்கயிற்று லகானில். கம்பி லகான் தொய்வாகக் கழுத்தில் கிடக்கட்டும். நடை மட்டும், 15 நிமிடம். கழுத்தைச் சுற்றி ஒரு வார் போட்டுக்கொண்டால், தடுமாறும்போது லகானுக்குப் பதில் அதைப் பிடிக்கலாம்.

நான்காம் வாரம் கம்பி லகானைத் தொய்வு நீங்கும் அளவுக்கு மட்டும் எடுங்கள். நிறுத்த வேண்டுமானால் முதலில் உட்காரும் விதம், பிறகு குரல், கடைசியாகத்தான் லகான். அதுவும் ஒரு நொடி மூடி உடனே திறக்கும் கையாக. குதிரை தாடையைத் தளர்த்தி எச்சிலை விழுங்கும் சத்தம் கேட்டால் சரியான கை என்று பொருள். டிராட்டில் நான்கைந்து நாள் நாக்கு அடங்கியிருந்தால் மட்டும் கேண்டருக்குப் போகலாம். ஒரு கட்டத்தில் நாக்கு மறுபடி ஏறினால் முந்தைய கட்டத்துக்கு இறங்கி மூன்று நாள் நில்லுங்கள்.

ஊர்வலக் குதிரைகளுக்குத் தனியாக ஒரு சொல். தலை தூக்கி ஆட வைக்க லகானை உயர்த்தி இழுத்தே பழக்கியிருப்பார்கள். அப்படிப் பழகிய குதிரைக்குக் கை கிட்ட வந்தாலே நாக்கு ஓடும். சவாரிக்குத் திருத்திக்கொண்டே வாரக்கடைசியில் கொட்டு வெடிக்கு நடுவில் அதே லகானில் ஆடவிட்டால் திருந்தாது. ஒன்றை நிறுத்த வேண்டும்.

படி 9: சேணம்

சேணத்தின் முன்பகுதி தோள்பட்டை எலும்பின் மேல் ஏறியிருக்கிறதா, முதுகுத்தண்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். தோள் எலும்பின் பின்விளிம்புக்கு மூன்று விரல் பின்னால் உட்கார்ந்தால் சரி. சவாரி முடிந்து கழற்றும்போது வியர்வைக்கு நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம். முதுகின் இருபுறமும் விரலால் அழுத்தி வாருங்கள், முதுகை நெளித்தால் அங்கே வலி.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால்

தாடை எலும்பில் மேடு வளர்ந்த குதிரை, நாக்கு பாதி அறுபட்ட குதிரை, பல ஆண்டு முள் கடிவாளத்தில் இருந்த குதிரை ஆகியவற்றுக்குக் கம்பியே இல்லாத தலைப்பட்டைதான் நியாயம். லகான் மூக்குப்பட்டையின் பக்க வளையத்தில் மாட்டியிருக்கும். மூக்குப்பட்டை நாசித்துளைக்கு மேலே குறைந்தது நான்கு விரல் தள்ளி, கெட்டி எலும்பின் மேல் இருக்க வேண்டும். இறங்கினால் மெல்லிய எலும்பையும் மூச்சையும் அமுக்கும். நெம்புகோல் உள்ள ஹாக்கமோர் என்ற கம்பியில்லாத் தலைப்பட்டை வகையைத் தொடக்கத்திலேயே எடுக்காதீர்கள், முரட்டுக் கையில் அது மூக்கெலும்பைக் காயப்படுத்தும். சாலைக்குப் போகும் முன் சுற்றுச்சுவருக்குள் நிறுத்தம், திருப்பம் இரண்டும் தலைக்கயிற்றிலேயே உறுதியாக வர வேண்டும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையிலோ வேறெங்கோ குதிரை பார்க்கப் போனால், கடிவாளம் மாட்டிய நிலையில் காட்டினால் கழற்றச் சொல்லுங்கள். மூக்குப்பட்டை எத்தனையாவது துளையில் இருந்தது என்று கவனியுங்கள். தாடை விளிம்பைத் தடவி, நாக்கில் குறுக்குத் தழும்பு பாருங்கள். பிறகு மூக்குப்பட்டையைத் தளர்த்தி மாட்டச் சொல்லி, விற்பவரையே ஏறி நடையிலும் டிராட்டிலும் இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். பட்டையைத் தளர்த்த மறுக்கிறார் என்றால் விலை பேச வேண்டாம்.